ரோஜா நோய்கள்: மருந்துக்கு முன்னால் இலையின் ஈரத்தைப் பாருங்கள்

ரோஜாவின் இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்ததும், உரக்கடைக்குப் போய் ‘ரோஜாவுக்கு மருந்து’ என்று கேட்டு, கொடுத்த பொடியைக் கலந்து தெளிப்பதுதான் பல வீடுகளில் வழக்கம். செடி தேறாவிட்டால் அடுத்த முறை அளவைக் கூட்டுகிறார்கள். நோய் எது என்று பார்க்காமல் தெளிக்கும் மருந்து செடிக்குச் சுமையாகிறது, நோய்க்கு ஒன்றும் ஆவதில்லை.

ரோஜாவை அதிகம் தாக்கும் இரண்டு நோய்களான கரும்புள்ளியும் சாம்பலும் எதிரெதிர் குணம் கொண்டவை. கரும்புள்ளிப் பூஞ்சை முளைக்க இலைமேல் தண்ணீர் நிற்க வேண்டும். சாம்பல் பூஞ்சைக்குக் காற்றில் ஈரம் இருந்தால் போதும். இலை நனைந்தால் அதன் வித்துகள், அதாவது பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்கள், முளைக்கவே சிரமப்படும். எனவே செடியில் எது இருக்கிறது, இலை எத்தனை மணி நேரம் ஈரமாக இருக்கிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

முதலில் செடியைப் பாருங்கள்

காலை வெளிச்சத்தில் செடிக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அடி இலை, நடு இலை, கொழுந்து என்று மூன்று இடத்திலும் இலையின் மேற்புறம், அடிப்புறம் இரண்டையும் திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு தண்டின் வெட்டுமுனைகள், கடைசியாக ஒட்டுப் போட்ட இடம், அதாவது வேர்ச்செடியும் பூச்செடியும் இணையும் இடம்.

நோயே இல்லாமலும் இலை உதிரும். ஓசூர், பெங்களூரு பக்கத்து நர்சரியில் குளிரில் வளர்ந்த செடியை மதுரைக்கோ வேலூருக்கோ கொண்டுவந்து முதல் நாளே மொட்டை மாடி வெயிலில் வைத்தால், ஒரு வாரத்தில் இலைகளைக் கொட்டிவிடும். அதற்கு மருந்து வேண்டாம். ஏழு முதல் பத்து நாள் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, மண் காயாமல் பார்த்துக்கொண்டால் கணுவில் துளிர் வரும். அதுவரை உரம் போடக் கூடாது. வேர் பிடிக்காத செடிக்கு உரம் எரிச்சலைத்தான் தரும்.

ஏப்ரல், மே மாதங்களில் இலை பொலிவிழந்து, ஊசியால் குத்தியது போல வெளிறிய புள்ளிகளோடு செம்பழுப்பாக மாறினால் அது பெரும்பாலும் செம்பேன் எனப்படும் சிலந்திப்பேன். வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் சிலந்திப்பேன்தான். இதற்குப் பூஞ்சணக்கொல்லி பயன்படாது. மூன்று நாளைக்கு ஒரு முறை, குறைந்தது மூன்று தடவை, இலையின் அடிப்புறத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே வெகுவாகக் குறையும். மொட்டின் விளிம்பு பழுப்பாகிக் கோணலாக விரிந்தால் அது இலைப்பேன். கொழுந்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சாதாரணம். இலை விளிம்பு மட்டும் காய்ந்தால் உப்புத் தண்ணீரையோ அதிக உரத்தையோ சந்தேகப்படுங்கள். உச்சி வெயிலில் மருந்து தெளித்த மறுநாள் தோன்றும் பழுப்புத் திட்டுகள் மருந்தே உண்டாக்கிய தீப்புண். அதை நோயென்று நினைத்து மறுபடி தெளித்துவிடாதீர்கள்.

கரும்புள்ளி நோய்

மழைக்காலத்தில் ரோஜாவுக்குப் பெரிய எதிரி இதுதான். முதிர்ந்த அடி இலைகளின் மேற்புறத்தில் கறுப்பு வட்டங்கள் தோன்றும். மற்ற இலைப்புள்ளிகளிலிருந்து பிரித்தறிய ஓரத்தைப் பாருங்கள்: கோடு கிழித்த மாதிரி சுத்தமாக இருக்காது, மை கசிந்தது போலச் சிலும்பி இருக்கும். புள்ளியைச் சுற்றி மஞ்சள் பரவி, இலை லேசாகத் தொட்டாலே விழும். நோய் கீழிருந்து மேலே ஏறும். கவனிக்காமல் விட்டால் நுனியில் நாலு இலையும் ஒரு பூவுமாகச் செடி மொட்டையாகிவிடும்.

இதை உண்டாக்கும் பூஞ்சையின் பெயர் டிப்லோகார்ப்பான் ரோசே. இலை தொடர்ந்து சுமார் 7 மணி நேரமாவது நனைந்திருந்தால்தான் அதன் வித்து முளைத்து உள்ளே நுழைய முடியும். 20 முதல் 27 டிகிரி வரையான வெப்பம் அதற்கு உகந்தது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் சென்னையிலும் டெல்டாவிலும் இரவு வெப்பம் இந்த அளவுக்குள்தான் நிற்கிறது. நுழைந்த பிறகு ஒரு வாரம் முன்னே பின்னே புள்ளி தெரியும். அடுத்த சில நாட்களில் அந்தப் புள்ளியே புது வித்துகளைத் தரும். வித்துகள் ஒட்டும் தன்மையுள்ளவை, காற்றில் அதிகம் பறக்காது. மழைத்துளியும், நாம் மேலிருந்து ஊற்றும் தண்ணீரும் தெறித்துத்தான் இலைக்கு இலை பரவுகிறது.

மாலை ஆறு மணிக்கு மேல் பூவாளியால் செடி முழுக்க நனைக்கும் பழக்கம் இந்த நோய்க்கு அழைப்பு. நனைந்த இலை விடியும்வரை காயாது. ஏழு மணி நேரம் தாராளமாகக் கிடைத்துவிடும். காலையில், எட்டு மணிக்குள், மண்ணில் மட்டும் தண்ணீர் விடுங்கள். தொட்டியின் மேல்மண்ணில் 5 செ.மீ. உயரத்துக்குத் தேங்காய் மட்டைத் துண்டுகளோ காய்ந்த இலையோ பரப்பினால் மண்ணிலிருந்து தெறிப்பது நிற்கும். அந்த மூடாக்கு தண்டைத் தொடாமல் மூன்று விரல் தள்ளி இருக்கட்டும். செடிக்குச் செடி, தரையில் 60 செ.மீ., தொட்டிகளில் இலைகள் ஒன்றையொன்று உரசாத அளவு இடைவெளி வேண்டும். மழை நாளில் தொட்டிகளை நெருக்கிச் சுவரோரம் ஒதுக்கும் வழக்கத்தை ரோஜாவுக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள். காற்று புகுந்தால் இலை சீக்கிரம் காயும். அதைவிடப் பெரிய தடுப்பு கிடையாது.

நோய் வந்துவிட்டால் முதலில் செய்ய வேண்டியது பொறுக்குவது. உதிர்ந்த இலைகளை ஒன்றுவிடாமல் எடுத்துக் குப்பைக்கு அனுப்புங்கள், கம்போஸ்ட் தொட்டியில் போடாதீர்கள். பழைய இலையில் பூஞ்சை காத்திருக்கும். செடியில் புள்ளி விழுந்த இலைகளையும் காம்போடு கிள்ளிவிடுங்கள். ஆனால் பாதிக்கு மேல் இலைகளில் நோய் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் உருவக் கூடாது. இலையில்லாத தண்டு வெயிலில் சுட்டுக் காயத் தொடங்கும். மிக மோசமானவற்றை இன்று, மீதியைப் புதுத்துளிர் வந்த பிறகு. இளந்தண்டிலும் ஊதாக் கறுப்பில் சின்னத் திட்டுகள் இருக்கலாம். அடுத்த பருவத்துக்கு நோய் தங்கும் இடம் அது. கவாத்தின்போது அந்தக் கிளைகளை விட்டுவைக்காதீர்கள்.

அடுத்து மருந்து. மான்கோசெப் 75 சதவீதத் தூள், லிட்டருக்கு 2 கிராம். இது இலைமேல் படலமாக நின்று வித்து முளைக்காமல் தடுக்கும். உள்ளே புகுந்த பூஞ்சையை ஒன்றும் செய்யாது. கார்பென்டாசிம் 50 சதவீதத் தூள், லிட்டருக்கு 1 கிராம், இலைக்குள் ஊடுருவி வேலை செய்யும். முதலில் கார்பென்டாசிம், 7 முதல் 10 நாள் கழித்து மான்கோசெப் என்று மாற்றி மாற்றித் தெளிக்க வேண்டும். கார்பென்டாசிமை மட்டும் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை அதற்குப் பழகிவிடும். கடையில் சாஃப் என்ற பெயரில் கிடைப்பது இந்த இரண்டும் கலந்தது. அதைப் பயன்படுத்தினால் லிட்டருக்கு 2 கிராம், தனியாக வேறெதுவும் சேர்க்க வேண்டாம்.

புள்ளி விழுந்த இலை எந்த மருந்தாலும் மீண்டும் பச்சையாகாது. அடுத்து வரும் இலைகள் சுத்தமாக வருகின்றனவா என்பதே மருந்து வேலை செய்ததற்கு அடையாளம். அதற்கு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். இரண்டே நாளில் மாற்றம் தெரியவில்லை என்று வேறு மருந்துக்குத் தாவுவது வீண்செலவு.

மஞ்சள் நிறப் பூ தரும் ஒட்டுரகங்களுக்கு இந்த நோய் அதிகம் வரும். அது வளர்ப்பவரின் குறையல்ல. அழுத்தமான மஞ்சள் நிறம் நவீன ரோஜாவுக்குள் வந்தது பிரான்ஸின் லியோன் நகரத்துப் பெர்னே-டூஷே 1900-இல் வெளியிட்ட ‘சொலெய் டோர்’ ரகத்தின் வழியாக. அதன் மூதாதையான பாரசீக மஞ்சள் ரோஜா, நிறத்தோடு சேர்த்துக் கரும்புள்ளிக்கு எளிதில் ஆளாகும் குணத்தையும் கொடுத்துவிட்டது. மழை மிகுந்த ஊரில் மஞ்சள் ரோஜா வைப்பவர்கள் தடுப்பு மருந்தை மற்றவர்களைவிட ஒரு வாரம் முன்பே தொடங்குவது நல்லது.

சாம்பல் நோய்

கொழுந்து இலையிலும் மொட்டின் கழுத்திலும் மைதா தூவியது போல வெள்ளை படியும். இளம் இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு செவ்வூதா நிறம் காட்டும். மொட்டு மாவு பூசிய நிலையிலேயே நின்று, விரியாமல் காயும். கரும்புள்ளி அடியில் தொடங்கும் என்றால் இது நுனியில் தொடங்கும்.

பகலில் இதமான வறண்ட வெயில், இரவில் குளிரும் பனியும். 15, 16 டிகிரி வரை இறங்கும் இரவுகளும் 27 டிகிரியை ஒட்டிய பகலும் இதற்கு மிகவும் தோது. எனவே கொங்குப் பகுதியிலும் வட மாவட்டங்களிலும் டிசம்பர் முதல் பிப்ரவரிவரை, மலைப்பகுதிகளில் மழை விட்ட மாதங்களில் வரும். வித்துகள் காற்றில் பறக்கக்கூடியவை. பக்கத்து வீட்டு மாடியிலிருந்துகூட வரும். யூரியாவோ வடிகட்டாத புண்ணாக்குக் கரைசலோ அதிகம் கொடுத்து வளர்த்த சதைப்பற்றான துளிர் இதற்கு முதலில் பலியாகும். மார்கழிக் குளிரில் தழைச்சத்தைக் குறைத்து, சாம்பல்சத்து கூடுதலாக உள்ள உரம் கொடுங்கள்.

செடியில் கரும்புள்ளி இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், காலை ஏழு மணியளவில் சுத்தமான தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடலாம். வித்துகள் அடித்துச் செல்லப்படும். ஒன்பது, பத்து மணிக்குள் வெயிலில் இலை காய்ந்தும்விடும். இரண்டு நோயும் சேர்ந்து இருந்தால் இதைச் செய்யக் கூடாது.

ஆரம்ப நிலையில் சமையலறைப் பொருட்களே போதும். காய்ச்சாத பால் 100 மி.லி., தண்ணீர் 900 மி.லி., வாரம் ஒரு முறை, நல்ல வெயில் வரும் காலையில். பாலின் அளவைக் கூட்டினால் இலைமேல் நாற்றமும் கறுப்புப் பூசணமும்தான் மிஞ்சும். இன்னொன்று ஆப்பச் சோடா: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதோடு சோப்புக் கரைசலில் கலந்த வேப்பெண்ணெய் 5 மி.லி. சோடாவோடு எண்ணெய் சேர்ப்பது ரோஜாவின் சாம்பல், கரும்புள்ளி இரண்டையும் குறைக்கும் என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1992-இல் வெளியிட்டார்கள். எண்ணெய் இல்லாத வெறும் சோடா இலையில் நிற்காது. சலவைச் சோடாவும் பேக்கிங் பவுடரும் வேறு பொருட்கள், அவற்றைத் தொடாதீர்கள். சோடாவில் சோடியம் இருப்பதால் தொட்டி மண்ணில் வழியாமல் பாலித்தீன் விரித்துத் தெளித்து, ஒரு பருவத்தில் நான்கு தடவையோடு நிறுத்துங்கள்.

வெள்ளை பரவிவிட்டால் நனையும் கந்தகம், 80 சதவீதத் தூள், லிட்டருக்கு 2 கிராம், 10 நாள் இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று முறை. நல்ல மருந்து, விலையும் குறைவு, சிலந்திப்பேனையும் குறைக்கும். ஆனால் இரண்டு நிபந்தனைகள். பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கந்தகம் இலையைச் சுட்டுவிடும்; எனவே சமவெளியில் பிப்ரவரி நடுவிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வேப்பெண்ணெயோ வேறு எண்ணெயோ தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது. கந்தகத்துக்குப் பின் எண்ணெய்க்கும் அதே இடைவெளி. இந்த இரண்டாவது தவறால் ஒரே வாரத்தில் இலை முழுதும் பழுப்பாகும் செடிகள் ஏராளம்.

அடிச்சாம்பல் நோய்

பெயரில் சாம்பல் இருந்தாலும் இது வேறு இனம். ஓசூர், ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற குளிர்ச்சியும் மூடுபனியும் உள்ள இடங்களில் வரும். 27 டிகிரிக்கு மேல் வெப்பம் உள்ள சமவெளியில் நிற்பதில்லை. இலையில் செவ்வூதாத் திட்டுகள், வட்டமாக இல்லாமல் நரம்புகளுக்குள் அடைபட்டுக் கோணலாக இருக்கும். ஈரமான அதிகாலையில் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் மெல்லிய சாம்பல் படலம். இலை பச்சையாக இருக்கும்போதே குவியலாக உதிர்வது இதன் முக்கிய அடையாளம்.

கார்பென்டாசிமும் கந்தகமும் இங்கே பலிக்காது. இதை உண்டாக்கும் உயிரி உண்மையான பூஞ்சை வகையைச் சேர்ந்ததல்ல. பாசிகளுக்கு நெருக்கமான நீர்ப்பூசண வகை. மெட்டலாக்சில் 8 சதவீதமும் மான்கோசெப் 64 சதவீதமும் சேர்ந்த கலவை, லிட்டருக்கு 2 கிராம், 10 நாள் இடைவெளியில் இரண்டு முறை. பசுமைக்குடிலில் வளர்ப்பவர்கள் காலையிலேயே பக்கத் திரைகளைத் திறந்து ஈரக்காற்றை வெளியேற்றாவிட்டால் எந்த மருந்தும் தாங்காது.

நுனிக்கருகல்

கவாத்து செய்த கிளையின் முனை முதலில் பழுப்பாகி, பிறகு கறுத்து, அந்தக் கறுப்பு கணு கணுவாகக் கீழே இறங்கும். ஒட்டுப்பகுதியைத் தொட்டுவிட்டால் செடி போய்விடும். வீட்டு ரோஜாக்கள் அடியோடு சாவது பெரும்பாலும் இதனால்தான், புள்ளி நோய்களால் அல்ல. ஆகவே இதில் அவசரப்படத்தான் வேண்டும்.

நோய்ப் பூஞ்சை காயத்தின் வழியாக நுழைகிறது. சாமிக்கும் தலைக்கும் பூவைக் கையால் ஒடித்துப் பறிப்பது, மொக்கைக் கத்தரியால் தண்டை நசுக்குவது, கணுவுக்கு மேல் நீளமாகக் காம்பு விட்டு வெட்டுவது மூன்றும் அதற்கு வாசல் திறக்கும் வேலைகள். நீளக் காம்பில் சாற்றை இழுக்க இலையோ துளிரோ இல்லை. அது தானே காய்ந்து, காய்ந்த பகுதியில் பூஞ்சை குடியேறுகிறது. பூப்பறிக்கக்கூடக் கூரான சிறு கத்தரி வைத்துக்கொள்ளுங்கள். பூவுக்குக் கீழே ஐந்து சிற்றிலை உள்ள முதல் முழு இலைக்கு மேலே வெட்டினால் அடுத்த கிளை பலமாக வரும்.

வெட்டும் முறை: வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே அரை செ.மீ. விட்டு, கணுவின் எதிர்ப்பக்கம் தண்ணீர் வழியும்படி சாய்வாக வெட்ட வேண்டும். கருகிய கிளையாக இருந்தால், கறுப்பு முடியும் இடத்துக்குக் கீழே நல்ல பச்சையில் 3 செ.மீ. இறங்கி வெட்டி, உள்தண்டைப் பாருங்கள். நடுத்தக்கை வெள்ளையாகவோ பால்நிறமாகவோ இருந்தால் போதும். பழுப்புக் கோடு தெரிந்தால் இன்னொரு கணு கீழே. வெள்ளை வரும்வரை இறங்குங்கள். பூ போகிறதே என்று இரக்கப்பட்டால் கிளை போகும். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே கத்தரியின் அலகைச் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.

வெட்டிய உடனே பசை. காப்பர் ஆக்ஸிகுளோரைடு தூளைச் சில சொட்டுத் தண்ணீரில் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்து, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் வெட்டுமுனையிலும் அதற்குக் கீழே 1 செ.மீ. வரையிலும் பூசுங்கள். மஞ்சளைக் குழைத்துப் பூசுவதில் மழையில்லாத நாளில் தீங்கில்லை; ஒரு தூறலில் கரைந்துவிடும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. பச்சைச் சாணம் வேண்டாம், காயத்தில் ஈரத்தைக் கட்டிவைக்கும்.

நிறையச் செடி வைத்திருப்பவர்கள் போர்டோ பசை தயாரிக்கலாம். பிளாஸ்டிக் டப்பாவில் 50 மி.லி. தண்ணீரில் 10 கிராம் மயில்துத்தத்தை முதல் நாள் இரவே கரைய விடுங்கள். இன்னொன்றில் 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை 50 மி.லி. தண்ணீரில் நீற்றி, ஆறவிட்டு வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. தேய்த்துச் சுத்தம் செய்த இரும்பு ஆணியைச் சில நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சி இருக்கிறது, அது திசுவைச் சுடும், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே பூசுங்கள்.

வடகிழக்குப் பருவமழை இறங்கும் வாரத்தில் பலத்த கவாத்து செய்யாதீர்கள். குறைந்தது நான்கு நாள் வெயில் அடிக்கும் இடைவெளி பார்த்துச் செய்தால் வெட்டு காய்ந்து ஆறும். வெட்டு சரியாக இருந்தும் கருகல் திரும்பத் திரும்ப வந்தால் கீழே பாருங்கள்: வடிகால் துளை அடைபட்டு வேர் மூச்சுத் திணறும் செடி மேலிருந்து சாகும். தொட்டியைச் சாய்த்து வேர்க்கட்டியை எடுத்து முகர்ந்தால் புளிச்ச வாடை வரும். அழுகிய கறுப்பு வேரை வெட்டிவிட்டு, செம்மண், மணல், தொழுவுரம் சம பங்கு எடுத்த கலவையில் மாற்றுங்கள். ஒரு தொட்டிக் கலவைக்கு 10 முதல் 20 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைச் சேர்ப்பது வேரழுகலைத் தடுக்க உதவும்.

அரிதாக வருபவை

துரு நோய் இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடிக் கட்டிகளாக, பெரும்பாலும் மலைப்பகுதியில் வரும். இலைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு மான்கோசெப் 2 கிராம் தெளிப்பது போதுமானது. தொடர்மழையில் மொட்டுகள் சாம்பல் பூசணம் பிடித்து அழுகும்; மருந்தைத் தேடாமல் அழுகிய மொட்டுகளையும் வாடிய பூக்களையும் தினமும் வெட்டி அகற்றுங்கள், வாடிய இதழில்தான் அந்தப் பூசணம் தொடங்குகிறது.

இலையில் மஞ்சள் வளைகோடுகள், கோலம் போட்டது போல நெளிந்து தெரிந்தால் மொசைக் வைரஸ். குணமாக்க வழியில்லை. ஆனால் பயந்து பிடுங்க வேண்டாம். ஒட்டுக்கட்டுதல் வழியாகத்தான் பரவுகிறது. அந்தச் செடியிலிருந்து கண்ணோ குச்சியோ எடுத்து யாருக்கும் கொடுக்காமல் இருந்தால் போதும்.

கலக்குவதும் தெளிப்பதும்

மருந்து சரியாக இருந்தும் தோற்பது இந்த இடத்தில்தான். ஒரு ஸ்பூன் என்று கண்ணளவு போடாதீர்கள். கந்தகமும் மான்கோசெப்பும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை வராது. சின்ன டிஜிட்டல் தராசு மருந்துக்கென்றே தனியாக இருக்கட்டும். தூளை முதலில் ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, துணியில் வடிகட்டி, பிறகு மொத்தத் தண்ணீரில் சேருங்கள். நேராகக் கொட்டினால் ஸ்பிரேயர் முனை அடைக்கும், அடியில் தங்கிய கெட்டி மருந்து கடைசிச் செடியைச் சுடும். ஒட்டும் திரவம் லிட்டருக்கு அரை மி.லி. வேப்பெண்ணெய் என்றால் 5 மி.லி. எண்ணெயில் 2 மி.லி. திரவச் சோப்பை முதலில் சேர்த்துப் பால்போல வெளுக்கும்வரை கலக்கிய பிறகே தண்ணீர். மேலே எண்ணெய் மிதந்தால் தெளிக்காதீர்கள்.

தெளிப்பது காலை ஆறிலிருந்து எட்டுக்குள், காற்று அசையாத நேரத்தில். இலையின் அடிப்புறத்தை முதலில் முடித்துவிட்டு மேற்புறம் வர வேண்டும். பனி போல இலையெங்கும் படிந்து, சொட்டத் தொடங்கும்போது நிறுத்துங்கள். முந்தைய நாள் மண்ணுக்கு நன்றாகத் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். தாகத்தில் வாடிய செடி எந்த மருந்தையும் தாங்காது. தெளித்த ஆறு மணி நேரத்துக்குள் கனமழை பெய்தால் மான்கோசெப் போன்ற படல மருந்தை மறுபடி தெளிக்க வேண்டியிருக்கும். எந்தப் புது மருந்தையும் ஒரே கிளையில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டுச் செடிக்குக் கொடுங்கள்.

கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம். மருந்துப் பொட்டலத்தின் முக்கோண நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கடும் நஞ்சு, பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று குறையும். சிவப்பு, மஞ்சள் முக்கோணம் உள்ள எதுவும் வீட்டுத் தோட்டத்துக்குத் தேவையே இல்லை.

குல்கந்துக்கோ பன்னீருக்கோ வளர்க்கும் பன்னீர் ரோஜாவுக்கு ரசாயனப் பூஞ்சணக்கொல்லி வேண்டவே வேண்டாம். குழந்தைகள் இதழ் பிய்த்துத் தின்னும் வீட்டுக்கும் இதே விதி. பால் கரைசல், இலை பொறுக்குதல், அதோடு சூடோமோனாஸ் லிட்டருக்கு 10 கிராம் வீதம் 15 நாளைக்கு ஒரு முறை மாலையில் தெளிப்பது என்று நின்றுகொள்ளுங்கள். சூடோமோனாஸ் உயிருள்ள பாக்டீரியா. செம்பு மருந்து தெளித்த இரண்டு வாரத்துக்குள் கொடுத்தால் செத்துப்போகும், காலாவதியான பொட்டலத்தில் ஏற்கெனவே செத்திருக்கும். தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள். மற்ற ரோஜாக்களுக்கு ரசாயனம் தெளிக்கும் முன்பு விரிந்த பூக்களைப் பறித்துவிட்டால் தேனீக்களும் தப்பும்.

எந்த மாதத்தில் எது

சமவெளியில் வடகிழக்கு மழையை நம்பியிருக்கும் ஊர்களில் செப்டம்பர் கடைசியில் காய்ந்த குச்சி, உள்நோக்கி வளர்ந்த கிளைகளை எடுத்து, மூடாக்கைப் புதுப்பித்து, மழை தொடங்குவதற்கு முன் ஒரு முறை மான்கோசெப். டிசம்பர் கடைசிவரை மழை விடும் இடைவெளிகளில் 10 நாளைக்கு ஒரு முறை. கன்னியாகுமரி, தென்காசி பக்கம் ஜூன் சாரலுக்கும் இதே ஏற்பாடு தேவை. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டுகளை மழைக்காலத்தில் எடுத்துவிடுங்கள். தை மாதம் முழுக்கக் கொழுந்துகளில் வெள்ளையைத் தேடுங்கள். மார்ச்சிலிருந்து கவனம் இலையின் அடிப்புறத்துச் சிலந்திப்பேனுக்கு மாற வேண்டும். அப்போது பூஞ்சை மருந்துகள் அலமாரியில் இருக்கட்டும்.

செடியைக் கைவிட வேண்டிய நேரம்

ஒட்டுப்பகுதிக்குக் கீழே, மண்ணையொட்டி, காலிபிளவர் போன்ற கரடுமுரடான கழலை திரண்டால் அது மண்ணில் வாழும் பாக்டீரியாவின் வேலை. அறுத்து எடுத்தாலும் திரும்ப வரும். அந்தச் செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். கருகல் ஒட்டைத் தாண்டிய செடியும் அப்படித்தான். அடியிலிருந்து செழிப்பாக ஒரு கிளை கிளம்பினால் ஏமாற வேண்டாம். ஒட்டுக்குக் கீழிருந்து வந்தால் அது வேர்ச்செடியின் காட்டுக்கிளை, நீங்கள் வாங்கிய பூவைத் தராது.

கழலை வந்த தொட்டியின் மண்ணை வேறு ரோஜாவுக்குப் பயன்படுத்தக் கூடாது. கீரைக்கும் தக்காளிக்கும் பதிலாகப் புல்லுக்கோ சோளத்துக்கோ கொடுங்கள், அந்தப் பாக்டீரியா புல்லினங்களை அவ்வளவாகத் தாக்காது. கருகலோ வேரழுகலோ வந்த மண் என்றால், மே மாதத்தில் ஈரப்படுத்தி அரை அடிக்கு மேற்படாத உயரத்தில் மாடியில் பரப்பி, ஒளி ஊடுருவும் பாலித்தீனால் ஓரங்களை இறுக்கி மூடி, நான்கிலிருந்து ஆறு வாரம் வெயிலில் விடுங்கள். அதன் பிறகு தொழுவுரமும் டிரைக்கோடெர்மாவும் கலந்து இரண்டு வாரம் ஈரமாக வைத்திருந்தால் அடுத்த செடிக்கு ஆகும்.